பால் பைத்தான் வாங்கப்போறீங்களா... முதல்ல இதைப் படிங்க பாஸ்!

ரீல்ஸ்ல யாரோ பாம்பைக் கழுத்துல மாலை மாதிரி போட்டிருக்கிறதைப் பார்த்ததும், 'நாமளும் ஒண்ணு வாங்கினா என்ன?'ன்னு தோணுதா? அது பெரும்பாலும் பால் பைத்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, விஷமில்லாத பாம்பு. பயந்தால் பந்துபோல சுருண்டுகொள்ளும். அதனால்தான் இந்தப் பெயர். வெளிநாட்டுப் பாம்புகளில் விலை குறைவானவற்றில் இதுவும் ஒன்று.

ஆனால், செலவு பாம்போடு முடியாது. இறுக்கமாக மூடக்கூடிய கண்ணாடித்தொட்டி, இரண்டு மறைவிடங்கள், தண்ணீர்க் கிண்ணம் வேணும். தொட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 26 டிகிரி இருக்கணும். சூடு குறைந்தால் தின்றது செரிக்காது. தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட்டரோ பாம்பைச் சுட்டுவிடும்.

சாப்பாடு? முழு எலி. உறையவைத்த எலியை உறைவு நீக்கி, வெதுவெதுப்பாக்கிக் கொடுக்கணும். அதை ஃப்ரீசரில் வைக்க அம்மா சம்மதிப்பாங்களா?

அடுத்து சட்டம். நம்ம ஊர் மலைப்பாம்பு, சாரைப்பாம்பை வளர்ப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் 'சைட்டிஸ்' பட்டியலில் இருப்பதால், 2024-ல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்யணும். ஆவணம் இல்லாமல் யாராவது 'கம்மி விலை'ன்னு நீட்டினால் உஷார்! சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிக்குள் பிடிபட்ட பால் பைத்தான்கள் ஏராளம்.

முக்கியமான விஷயம், இது 20 முதல் 30 வருஷம் வாழும். உங்க பிள்ளை காலேஜ் போகும்போதும் அது வீட்டுல இருக்கலாம். போரடிச்சா ஏரிக்கரையில விட்டுட்டு வரவும் முடியாது. அதுக்கும் தயார்னா மட்டும் வாங்குங்க!