மெகாவாட்டும் மாவட்ட நிருபரும்

இந்தியாவில் நிறுவப்பட்டுள்ள மின் நிலையங்களின் மொத்தத் திறனாகிய சுமார் 4,85,000 மெகாவாட்டில் பாதி, நிலக்கரியையோ எண்ணெயையோ எரிவாயுவையோ எரிக்காத நிலையங்களுடையது என்று 2025-ஆம் ஆண்டின் மத்தியில் மத்திய சர்க்கார் அறிவித்தது. 2030-க்குள் எட்டுவதாக உலக நாடுகளுக்கு அளித்திருந்த வாக்கை ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே நிறைவேற்றியது மெய்யாகவே பெருமைக்குரிய செய்திதான். ஆனால் அச்செய்தியைப் படித்த சாமானிய வாசகர், நம் வீட்டு விளக்கின் வெளிச்சத்தில் பாதி இனி நிலக்கரியின் தயவின்றி வருகிறது என்று எண்ணிக்கொண்டால், அது பிழையாகிவிடும். 2024-25 நிதியாண்டில் தேசத்தில் உற்பத்தியான மின்சாரத்தில் சுமார் முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்தே பிறந்தது. இரண்டு செய்திகளும் உண்மை. இரண்டையும் அருகருகே வைத்து, ஏன் இந்த வித்தியாசம் என்று விளக்கத் தெரிந்த நிருபரைத் தயாரிப்பதுதான், தூய எரிசக்தியைப் பற்றி எழுதப் பத்திரிகையாளருக்கு அளிக்கும் பயிற்சியின் முதற்காரியம்.

கிணற்றில் 5 எச்.பி. மோட்டார் வைத்திருக்கும் விவசாயிக்கு இது புதிய விஷயமன்று. மோட்டாரின் சக்தி எவ்வளவு என்பது ஒன்று, அது எத்தனை மணி நேரம் ஓடி எவ்வளவு தண்ணீர் இறைத்தது என்பது மற்றொன்று. முன்னதைத் தெரிந்துகொண்டு பின்னதையும் அறிந்துவிட்டதாக அவர் ஒருநாளும் நினைப்பதில்லை. அவ்வாறே மெகாவாட் என்பது ஒரு நிலையத்தின் திறன். யூனிட் என்பது அது தந்த பலன். ஒரு மெகாவாட் நிலையம் முழுத் திறனுடன் ஒரு மணி நேரம் ஓடினால் கிடைப்பது 1,000 யூனிட். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில், சுமார் 2,500 ஏக்கர் பரப்பில், 2016-இல் எழுந்த சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட் என்றால், அது நல்ல வெயிலில் எட்டக்கூடிய எல்லையைக் குறிப்பதேயாகும். இரவையும் மேகத்தையும் சேர்த்து ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால், இத்தகைய நிலையங்கள் தம் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே உற்பத்தி செய்வது வழக்கம். தொடக்க விழாவில் கொடுக்கப்படும் குறிப்பில் மெகாவாட் இருக்கும், முதலீட்டுத் தொகை இருக்கும், பிரமுகர்களின் பெயர்கள் இருக்கும். யூனிட் பெரும்பாலும் இராது. அக்குறிப்பை அப்படியே அச்சுக்கு அனுப்பாமல், ஆண்டுக்கு எத்தனை யூனிட் கிடைக்கும், அது எந்த நேரத்தில் கிடைக்கும் என்று கேட்க ஒரு நிருபர் பழகிவிட்டால், பயிற்சியில் பாதி முடிந்தது என்றே நான் கருதுவேன்.

காற்றாலை விஷயத்தில் கற்க வேண்டியது இன்னும் அதிகம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து முப்பந்தலின் இயந்திரங்களைச் சுழற்றுவதை எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் 1990-களில் அந்தக் காற்றாலைகளில் பலவற்றை நூற்பாலை அதிபர்களும் ஏனைய தொழிலதிபர்களும் ஏன் நிறுவினார்கள் என்று விசாரித்தால், விடையில் ஒரு பெரும்பகுதி வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது: இயந்திரத்தின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள அன்று சலுகை இருந்தது. காற்று மிகுந்த மாதங்களில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும், அதற்கு என்ன கட்டணம் என்ற ஓயாத தர்க்கமும் அதே சரித்திரத்தின் தொடர்ச்சி. அன்று மிகச் சிறந்த இடங்களில் நடப்பட்ட, சில நூறு கிலோவாட் திறனே உடைய பழைய இயந்திரங்கள் பத்தின் வேலையை இன்றைய இயந்திரம் ஒன்றே செய்யவல்லது என்பதும், சூரியன் மறைந்த பின் ஏறும் தேவையை ஈடுகட்ட, தண்ணீரை மேலேற்றி வைத்து வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் ஒன்று கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 1980-களிலேயே அமைந்துவிட்டது என்பதும் நிருபர் அறிந்திருக்க வேண்டியவை. பௌதிகத்தில் கொஞ்சமும் வரவு செலவில் கொஞ்சமும் தேர்ச்சி இல்லாதவர் இத்துறையில் பிறர் சொன்னதைப் படியெடுப்பவராகவே நின்றுவிடுவார்.

எல்லாவற்றினும் முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. பெரிய அனல் மின் நிலையம் ஒன்று வர வேண்டுமானால், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவது பொதுவான விதி. அதிகாரிகள் அமர்ந்திருக்க, மீனவரும் விவசாயியும் எழுந்து தம் குறையைச் சொல்ல, நிருபர் அதைக் குறித்துக்கொள்கிறார். சூரிய மின் நிலையத்துக்கும் காற்றாலைக்கும் அந்த அறிவிக்கையின்படி பெறும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டியதில்லை என்பதால் அத்தகைய கூட்டமும் இல்லை. புகை இல்லாத தொழிலுக்கு இச்சலுகை அளித்ததில் நியாயம் உண்டு. எனினும் ஜனங்களின் குரல் பதிவாகும் இடம் ஒன்று மறைந்துவிட்டபடியால், அக்குரலைத் தேடிக் கிராமத்துக்குப் போகும் கடமை நிருபரின் தலையில் ஏறுகிறது. கர்நாடகத்தில் தும்கூரு மாவட்டம் பாவகடாவில், 2,050 மெகாவாட் சூரியப் பூங்காவுக்காகச் சுமார் 13,000 ஏக்கர் நிலத்தை விவசாயிகளிடமிருந்து விலைக்கு வாங்காமல், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபாய் என்ற அளவில் குத்தகைக்கு எடுத்தார்கள். வறட்சியால் வாடிய பூமியில் அது நல்ல வருமானம். நிலம் கையைவிட்டுப் போகாத நல்ல திட்டமும்கூட. ஆனால் குத்தகைப் பணம் பட்டா உடையவருக்கே போய்ச் சேரும்; அந்த வயல்களில் களை பறித்துக் கூலி வாங்கியவர்களுக்கும், ஆடு மேய்த்தவர்களுக்கும் அதில் பங்கில்லை. திட்டத்தை வாழ்த்துவதா தூற்றுவதா என்பதன்று கேள்வி. பட்டா இல்லாதவரிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நிருபருக்குக் கற்பித்திருக்கிறோமா என்பதே.

இத்தகைய பயிற்சியை அளிக்கும் ஸ்தாபனங்கள் இல்லாமலில்லை. 2004 முதல் இயங்கும் எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க், ஜெர்மானிய எரிசக்தி மாற்றத்தை விளக்குவதற்கென்றே 2014-இல் பெர்லினில் தோன்றிய க்ளீன் எனர்ஜி வயர், நம் டில்லியில் அனில் அகர்வால் 1980-இல் நிறுவிய அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஆகியவை பாராட்டத்தக்க பணி செய்திருக்கின்றன. ஆயினும் இவற்றால் எளிதில் பயன் பெறுபவர் ஆங்கிலம் கற்ற தலைநகர நிருபரே. எரிசக்தி மாற்றமோ தலைநகரங்களில் நடைபெறவில்லை. கமுதியிலும் கயத்தாற்றிலும் பல்லடத்திலும் நடைபெறுகிறது. அங்கே பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவர், பெரும்பாலும் நிலையான சம்பளமின்றி, வெளியாகும் செய்திக்கு இவ்வளவு என்று பெற்றுக்கொண்டு, விபத்தையும் விழாவையும் குறைதீர் கூட்டத்தையும் ஒருவராகவே கவனிக்கும் பகுதிநேர நிருபர். நிலப் பத்திரத்தைப் படிக்கவும், மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவில் கட்டணம் எங்கே எழுதியிருக்கிறது என்று கண்டுபிடிக்கவும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனுவைப் பிழையின்றி எழுதவும் அவருக்குத் தமிழில் கற்றுக்கொடுப்பவர் எவர்? கம்பெனியின் காரில் ஏறி, கம்பெனியின் விருந்தை உண்டு, ஒரு மணி நேரம் சுற்றிப்பார்த்துத் திரும்புவதைப் பயிற்சி என்று கொள்வதற்கில்லை.

பத்திரிகை அதிபர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: காற்றாலையும் சூரியத் தகடும் பெருகிவரும் ஒவ்வொரு மாவட்டத்திலும் உங்கள் நிருபர் ஒருவருக்குச் சில நாட்கள் வேறு வேலை தராமல், பயணச் செலவையும் படியையும் நீங்களே கொடுத்து, ஓய்வு பெற்ற மின்வாரியப் பொறியாளர் ஒருவரிடமும் நிலச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடமும் பாடம் கேட்க அனுப்புங்கள். வாசகர்களும் தம் பங்கைச் செய்யலாம். மெகாவாட்டை மட்டும் சொல்லி முடிந்துவிடும் செய்தியைப் படித்தால், எத்தனை யூனிட், எவருடைய நிலம் என்று கேட்டு ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.