ஸ்டிக்கருக்கு எட்டரைக் கோடி அபராதமா?

மாலை ஆறு மணி. தாமான் ஜெயா எல்ஆர்டி நிலைய வாசலில் கொட்டும் மழை. காலையில் ஒன்பது வெள்ளி காட்டிய அதே தூரத்துக்குச் செயலி இப்போது இருபத்திரண்டு காட்டுகிறது. பெட்டாலிங் ஜெயாவில் குடியிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. "இதையெல்லாம் கவர்மெண்ட் கேட்காதா?" என்று பக்கத்தில் ஒதுங்கி நிற்பவர் முணுமுணுப்பார். ஒருமுறை கேட்டது, பெரிய அளவிலேயே கேட்டது. ஆனால் கேட்ட கேள்வி கட்டணத்தைப் பற்றியதல்ல.

2019 அக்டோபர் 3-ஆம் தேதி, மைசிசி என்று நாம் சுருக்கிச் சொல்லும் மலேசியப் போட்டி ஆணையம், கிராப் நிறுவனத்துக்கு 8 கோடியே 67 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் அபராதம் விதிக்கப்போவதாக அறிவித்தது. காரணத்தைப் படித்தவர்கள் கொஞ்சம் குழம்பித்தான் போனார்கள். தன் ஓட்டுநர்கள் போட்டி நிறுவனங்களை விளம்பரப்படுத்தக் கூடாது, அவற்றுக்கான விளம்பரச் சேவையையும் வழங்கக் கூடாது என்று கிராப் நிபந்தனை வைத்திருந்ததாம். இருக்கை முதுகில் தொங்கும் ஒரு விளம்பரப் பலகைக்கும் கண்ணாடியில் ஒட்டும் ஒரு ஸ்டிக்கருக்கும் எட்டரைக் கோடியா?

ஓட்டுநர் ஒருவர் கிராப்புக்கு ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கார் அவருடையது. தவணை, பெட்ரோல், டோல் எல்லாம் அவர் கைக்காசு. அந்தக் காரின் பின்னிருக்கையில் நாளெல்லாம் ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள், நெரிசலில் அரைமணி நேரம் எதிரே இருப்பதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக வந்த ஒரு சிறு செயலிக்கு அதைவிட நல்ல விளம்பர இடம் வேறெது? வாடகைக் கார் தேடும் ஆளின் கண்ணுக்கு நேரே தன் பெயர். ஓட்டுநருக்கும் கைச்செலவுக்கு ஏதோ கிடைக்கும். அந்தக் கதவைச் சாத்திவிட்டால் புதியவரின் பெயரே பயணிக்குத் தெரியாது. பெயர் தெரியாத செயலியை யாரும் பதிவிறக்க மாட்டார்கள். பயணி இல்லாத செயலிக்கு ஓட்டுநர் வரமாட்டார். ஓட்டுநர் இல்லையென்றால் பயணி காத்திருக்க மாட்டார். கோழியா முட்டையா கதைதான். சிக்கியது சிக்கியபடியே கிடக்க, மழை பெய்யும் மாலையில் உங்கள் கைப்பேசியில் ஒரே ஒரு செயலிதான் இருக்கும். ஆணையத்தின் வாதமும் சுருக்கமாக இதுதான்: இந்த நிபந்தனை, இருக்கிற போட்டியாளருக்கும் இனி வரப்போகிறவருக்கும் குறுக்கே போட்ட தடை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெரிதாக வளர்வது குற்றமில்லை. 2012 முதல் நடைமுறையில் இருக்கும் 2010-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, சந்தையில் ஆதிக்கம் இருப்பதைத் தடுக்கவில்லை. அந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் தடுக்கிறது. மீறினால், மீறிய காலத்தில் நிறுவனம் உலகம் முழுவதும் ஈட்டிய விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை அபராதம் போடலாம். நல்ல சேவை கொடுத்து நூறு பேரில் தொண்ணூறு பேரைப் பிடித்தால் அது சாமர்த்தியம். மிச்சம் பத்துப் பேரிடம் அடுத்தவன் போகும் பாதையில் முள்வேலி போட்டால் அது வழக்கு.

கிராப்பை அந்நிய நிறுவனம் என்பது நமக்குக் கொஞ்சம் உறுத்தும். 2012-இல் 'மைதெக்சி' என்ற பெயரில் இந்தக் கோலாலம்பூரில் பிறந்த பிள்ளைதான் அது. பிறகு தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றிக்கொண்டது. 2021 முதல் அதன் பங்குகள் நியூயார்க்கின் நாஸ்டாக்கில் கைமாறுகின்றன. எதிரே நின்ற ஊபர் அசல் அமெரிக்கா. இரண்டும் முட்டிக்கொண்ட காலம் பயணிகளுக்குப் பொற்காலம். தள்ளுபடிக் குறியீடு இல்லாமல் யாராவது கார் ஏறினோமா? 2018 மார்ச் 26-ஆம் தேதி ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப்பிடம் ஒப்படைத்து, பதிலுக்கு அதில் 27.5 விழுக்காட்டுப் பங்கை வாங்கிக்கொண்டது. ஏப்ரலில் இங்கே ஊபர் செயலி அணைந்தது. சண்டை முடிந்ததும் சலுகையும் முடிந்தது.

இணைப்புக்குப் பிறகு தள்ளுபடி போக உண்மையில் பயணி கொடுத்த கட்டணம் 10 முதல் 15 விழுக்காடு ஏறியதாகச் சிங்கப்பூரின் போட்டி ஆணையம் கண்டறிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து சுமார் 1 கோடியே 30 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தது. அதைவிட முக்கியம், ஓட்டுநர்களை ஒரே செயலியோடு கட்டிப்போடக் கூடாது, இணைப்புக்கு முந்தைய கட்டணக் கணக்கீட்டு முறையை மாற்றக் கூடாது என்றும் உத்தரவிட்டது. பிலிப்பைன்ஸும் அபராதம் போட்டது. மலேசியாவால் அந்த இணைப்பைத் தொட முடியவில்லை. நிறுவனங்கள் ஒன்று சேர்வதை ஆராயும் அதிகாரம் நம் போட்டிச் சட்டத்தில் அப்போது இல்லை. மைசிசி ஸ்டிக்கர் வழியாக உள்ளே நுழைந்ததற்கு இந்த ஓட்டையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். வாசல் பூட்டியிருந்தால் ஜன்னல்தான்.

ஜன்னல் வழியும் சுலபமாக இல்லை. 2019-இல் சொன்னது 'உத்தேச முடிவு', இறுதி முடிவல்ல. கிராப் நீதிமன்றம் போனது. படி ஏறி இறங்கி, 2023 ஜூலையில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் கிராப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டு. தொழில்நுட்பச் சந்தையில் நான்கு ஆண்டு என்பது ஒரு யுகம். அதற்குள் எத்தனையோ செயலிகள் பிறந்து செத்துவிடும். அப்படியே அபராதம் வசூலாகியிருந்தாலும் அது கருவூலத்துக்குத்தான் போயிருக்கும், மழையில் இருபத்திரண்டு வெள்ளி கொடுத்தவர் பாக்கெட்டுக்கு அல்ல. பயனீட்டாளருக்கு ஆதாயம் அபராதத்தில் இல்லை, அதோடு வரும் "இதை நிறுத்து" என்ற உத்தரவில் இருக்கிறது.

கார் ஏறாதவர்களும் கைப்பேசி வைத்திருக்கிறார்கள். அங்கே ஆதிக்கம் கண்ணுக்கே தெரியாது. கூகுள், ஆப்பிள் கடைகளில் விற்கும் செயலிக்குள் நீங்கள் சந்தா கட்டினால் அதில் 15 முதல் 30 விழுக்காடு வரை கடைக்காரருக்குப் போகலாம். பல நிறுவனங்கள் அந்தச் செலவை விலையில் ஏற்றிவிடுகின்றன. அதனால்தான் ஒரே சந்தா இணையதளத்தில் ஒரு விலை, ஐபோன் செயலிக்குள் இன்னொரு விலை. இதில் முட்டி மோதியவர்களில் சென்னைக்காரர்களும் உண்டு. பாரத் மேட்ரிமோனி நடத்தும் நிறுவனம் 2012-இலேயே கூகுள் தேடல் முடிவுகளைப் பற்றி இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம். பிறகு 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் ரூ.1,337.76 கோடி, அதே மாதம் பிளே ஸ்டோர் கட்டண முறைக்காக ரூ.936.44 கோடி. பின்னதை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025-இல் ரூ.216.69 கோடியாகக் குறைத்தது. இதற்கிடையே 2024 மார்ச்சில், கட்டணத் தகராற்றில் பாரத் மேட்ரிமோனி செயலியையே கூகுள் கடையிலிருந்து தூக்கிவிட்டு, சில நாளில் திரும்ப வைத்தது. வரன் பார்க்கும் செயலி காலையில் காணாமல் போனால் பெண் வீட்டார் யாரிடம் கேட்பது? ஆனால் ஆண்ட்ராய்டு உத்தரவால் ஒன்று நடந்தது: எந்தத் தேடுபொறி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதியை இந்தியப் பயனீட்டாளர்களுக்குக் கொடுப்பதாகக் கூகுள் ஒப்புக்கொண்டது.

கட்டுப்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தால் நெருக்கியதில், மெட்டாவின் திரெட்ஸ் அங்கே ஐந்து மாதம் தாமதமாகத்தான் வந்தது. ஆப்பிளும் சில புதிய வசதிகளை அங்கே தள்ளிப்போட்டது. அதை நிறுவனங்களின் மிரட்டல் என்பாரும் உண்டு, சட்டத்தின் சுமை என்பாரும் உண்டு. நான் முதல் கட்சி.

கிராப் விவகாரத்துக்குப் பிறகு மைசிசி டிஜிட்டல் பொருளாதாரத்தையே மொத்தமாக ஆராயத் தொடங்கியது: கைப்பேசி இயங்குதளமும் கட்டண முறையும், இணைய வணிகத் தளங்கள், இணைய விளம்பரம், பயண முன்பதிவு. இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. வாங்கிய பொருளிலோ சேவையிலோ ஏமாற்றம் என்றால் போகவேண்டிய இடம் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். "எங்களோடு மட்டும்தான், வேறு தளத்தில் விற்காதே, வேறு செயலிக்கு ஓட்டாதே" என்று எழுதிய ஒப்பந்தம் கையில் இருந்தால் அது மைசிசிக்குரிய புகார். ஒப்பந்தத்தின் நகலை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள்.