கருவாடு சொல்லித்தரும் சதுரங்கம்

தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகள் பள்ளிச் சதுரங்கக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து, ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஒரே கேள்விதான் கேட்பாள்: “அப்பா, நான் எங்க தோத்தேன்?” எனக்குக் காய்களை நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான். துணைப்பாடம், நீச்சல் என்று மாதச் செலவு ஏற்கெனவே நீள்கிறது. தனிப் பயிற்சியாளர் வைக்க வழியில்லை. பதில் சொல்ல, கட்டணம் கேட்காத ஒருவர் வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்ததுதான் ‘ஸ்டாக்ஃபிஷ்’.

அந்தச் சொல்லுக்குக் கருவாடு என்று பொருள். 2008ல், நார்வேக்காரர் டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய ‘கிளாரங்’ என்ற நிரலை எடுத்து வளர்த்தவர் இத்தாலியின் மார்கோ கோஸ்டால்பா. நார்வேயில் பிறந்து இத்தாலியில் சமைக்கப்பட்டதால் இந்தப் பெயர். உலக வெற்றியாளர்களும் வெல்ல முடியாத இந்த இயந்திரத்துக்கு ஒரு காசும் தர வேண்டாம்.

ஆனால், பதிவிறக்கித் திறந்தால் ஒரு கறுப்புச் சன்னல் மட்டும்தான் வரும். பலகை இல்லை, காய்கள் இல்லை. பலரும் “கெட்டுப்போன கோப்பு” என்று இங்கேயே அழித்துவிடுகிறார்கள். ஸ்டாக்ஃபிஷ் வெறும் மூளைதான். முகத்தைத் தனியாகத் தர வேண்டும். விண்டோஸ் கணினிக்கு ‘அரீனா’ என்ற இலவச மென்பொருள் போதும். மூளையும் முகமும் பேசிக்கொள்வது ‘யூசிஐ’ என்ற பொது மொழியில்.

முதலில் ஸ்டாக்ஃபிஷ் கோப்புறையை விரித்து, நிரந்தரமான ஓர் இடத்தில் வையுங்கள். பிறகு அரீனாவின் ‘என்ஜின்ஸ்’ பட்டியலில் புதிய இயந்திரத்தைச் சேர்க்கும் கட்டளையை அழுத்தி, அந்தக் கோப்பைக் காட்டி, வகை கேட்டால் யூசிஐ என்று சொல்லுங்கள். பதிவிறக்கப் பக்கத்தில் ‘ஏவிஎக்ஸ்2’ போன்ற பெயர்களில் பல பதிப்புகள் இருக்கும். பழைய மடிக்கணினியில் ஒன்று ஓடாவிட்டால் வேறொன்றை முயலுங்கள். ‘ஹாஷ்’ நினைவகம் தொடக்கத்தில் 16 எம்பிதான், 256 ஆக்கலாம். ‘திரெட்ஸ்’ எண்ணிக்கையை முழுவதும் ஏற்றினால் மின்விசிறி அலறும்.

இதைவிட முக்கியம், பிள்ளை அதை எப்படிப் பயன்படுத்துகிறது என்பது. முழு பலத்தோடு மோதவிட்டால் மனம் உடைந்துவிடும். ‘ஸ்கில் லெவல்’ 0 முதல் 20 வரை உண்டு, கீழிருந்து தொடங்குங்கள். ஆட்டத்தை அலசும்போது இன்னொரு ஆபத்து: கண் பலகையை விட்டு, ஓரத்தில் ஓடும் எண்ணுக்குப் போய்விடுகிறது. +0.3 சட்டென்று −3 ஆனால் ஏதோ பறிபோயிருக்கிறது என்று தெரியும். ஏன் என்று இயந்திரம் வாய்திறந்து சொல்லாது.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு விதி. தோற்ற ஆட்டத்தை மகள் முதலில் தானே போட்டுப் பார்த்து, எங்கே சறுக்கியது என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதற்குப் பிறகே கருவாட்டை எழுப்பலாம். போன வாரம் ராணியைத் தவறாக நகர்த்தியதாக எழுதினாள். இயந்திரமோ நான்கு நகர்வுகளுக்கு முன்பே, காவலின்றி விட்ட குதிரையைக் காட்டியது. அரை மணி நேரம் அந்த ஒரு நிலையையே முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

இணையத்தில் பிறரோடு ஆடும்போது இதைத் திறந்து வைப்பது ஏமாற்று, கணக்கை முடக்கிவிடுவார்கள். பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மேக் கணினிக்கு ‘என் குரோசான்ட்’, ஆண்ட்ராய்ட் கைப்பேசிக்கு ‘டிராய்ட்ஃபிஷ்’ உள்ளன. இரண்டும் இலவசமே.