பவளத்துக்கு பூச்சி மருந்துக் குளியல்: செத்தது புழு, முட்டை?

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் விநோதமானது. அமெரிக்காவில் வீட்டுக்குள்ளேயே கடல்நீர்த் தொட்டி வச்சு உயிருள்ள பவளம் வளர்க்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. அதில் பலர் வீட்டில் செடிக்கு அடிக்கிற பூச்சி மருந்து பாட்டில் ஒண்ணு இருக்கும். ஆனா அது செடிக்காக வாங்கினது இல்லை. புதுசா வாங்கின பவளத்தைத் தொட்டியில் விடுறதுக்கு முன்னாடி, அந்த மருந்து கலந்த கடல்நீரில் அஞ்சு பத்து நிமிஷம் முக்கி எடுக்கத்தான். 'பேயர் டிப்' என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த பிராண்டின் பெயர் இப்போ 'பயோ அட்வான்ஸ்டு' என்று மாறிடுச்சு, ஆனாலும் பழைய பெயர்தான் வாயில் வருது.

அந்த பாட்டிலில் இருக்கிறது ரெண்டு சரக்கு. ஒண்ணு இமிடாகுளோப்ரிட். இது நிக்கோட்டின் மாதிரி வேஷம் போட்டு பூச்சியின் நரம்பு ஏற்பிகளில் போய் உட்கார்ந்துக்கும். நம்ம ஊரில் புகையிலையை ஊறவச்சு செடிக்குத் தெளிப்பாங்களே, அதே லாஜிக்கின் ஆய்வகப் பதிப்பு. இன்னொண்ணு பீட்டா சைஃப்ளூத்ரின். இது நரம்பு செல்லின் சோடியம் கதவுகளை மூட விடாது. நரம்பு ஓயாமல் துடிச்சு, கடைசியில் உடம்பு செயலிழந்து போயிடும்.

பவளமும் ஒரு விலங்குதானே, அது எப்படிப் பிழைக்குதுன்னு கேட்பீங்க. பூச்சிக்கோ புழுவுக்கோ இருக்கிற மாதிரி மூளை அதுக்குக் கிடையாது, உடம்பு முழுக்க ஒரு தளர்வான நரம்பு வலைதான். முக்கி வைக்கிற நேரமும் குறைவு. அதுக்காக பவளத்துக்கு ஒண்ணுமே ஆகாதுன்னு அர்த்தம் இல்லை. ஏற்கெனவே சோர்ந்து போன பவளம் இந்தக் குளியலிலேயே போயிடலாம்.

யாரைக் கொல்ல இவ்வளவு ஏற்பாடு? முக்கியமான எதிரி, கிளை கிளையா வளர்ற அக்ரோபோரா பவளத்தை மட்டும் தின்கிற ஒரு தட்டைப்புழு. தொட்டி வச்சிருந்தவங்களை ரொம்ப நாள் அழ வச்ச பிறகு, 2011-இல்தான் விஞ்ஞானிகள் அதுக்கு முறையா ஒரு பெயர் வச்சாங்க. தின்ன பவளத்தின் பாசியும் நிறமும் அதன் உடம்பிலேயே தங்கிடும். அதனால் பவளத்தின் மேல் ஒட்டிக்கிட்டு இருந்தா உங்க கண்ணுக்கே தெரியாது. தெரியுறது கடிச்ச தடம் மட்டும்தான், சின்னச் சின்ன வெளிறின வட்டங்கள்.

மருந்துத் தண்ணீரில் முக்கி, பெரிய டிராப்பரால் பீய்ச்சி அடிச்சா புழு பொத்து பொத்துன்னு உதிரும். பார்க்கவே திருப்தியா இருக்கும். சிக்கலே அந்தத் திருப்திதான். சான் ஹோசேவில் இருக்கிற என் காலேஜ் நண்பன் ஒரு ஞாயித்துக்கிழமை இப்படி ஒரு பவளத்தைக் குளிப்பாட்டி, பதினோரு புழு கிடந்த டப்பாவை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். அன்னைக்கே பவளத்தைப் பெரிய தொட்டியில் விட்டுட்டான். ரெண்டு மாசத்தில் அஞ்சு வருஷமா வளர்த்த இன்னொரு அக்ரோபோராவில் வெள்ளை வட்டங்கள்.

காரணம் முட்டை. இந்தப் புழு பவளத்தின் அடிப்பக்கத்தில், சதை செத்து வெறும் எலும்பா இருக்கிற இடத்தில் பழுப்பு நிறக் கொத்தா முட்டையை ஒட்டி வைக்கும். முட்டை ஓட்டைத் தாண்டி மருந்து உள்ளே போகாது. நம்ம பாஷையில் சொன்னா, ஓடிட்டு இருந்த பிராசஸை கில் பண்ணியாச்சு, அதைத் திரும்ப எழுப்புற கிரான் ஜாபை யாரும் தொடலை.

அதனால், ஒரு குளியலை சிகிச்சைன்னு சொல்லவே மாட்டேன். அடிப்பக்கத்தில் செத்த எலும்பு இருந்தா அதை வெட்டித் தூக்கிப் போடணும், பவளம் ஒட்டி வந்த பீடத்தையும் சேர்த்து. அப்புறம் தனித் தொட்டியில் வச்சு, பொரிச்சு வர்ற குஞ்சு வளர்ந்து மறுபடி முட்டை போடுறதுக்குள்ள அடுத்த குளியல் நடக்கணும். வாரம் ஒரு முறைன்னு ஆறேழு வாரம் இதைச் செய்றவங்க இருக்காங்க. சலிப்பான வேலைதான். ஆனா பெரிய தொட்டிக்குள் புழு நுழைஞ்சுட்டா, பாறையோடு பாறையா ஒட்டி வளர்ந்த பவளத்தை எடுத்து முக்கவே முடியாது. நண்பனுக்கு நடந்தது அதுதான். ஆறுகோட்டு ராஸ் மீனும் பெப்பர்மின்ட் இறாலும் இந்தப் புழுவைத் தின்னும், எண்ணிக்கையைக் குறைக்கும். முழுசா ஒழிக்கும்னு நம்பி உட்கார முடியாது.

இன்னொரு விஷயம். இது பூச்சி மருந்து, அதனால் பூச்சியின் சொந்தக்காரங்களான நண்டும் இறாலும் சேர்ந்தே சாகும். அக்ரோபோராவின் கிளைகளுக்கு நடுவே சின்ன நண்டுகள் குடியிருக்கும். கடலில் அந்தப் பவளத்தைத் தின்ன வர்ற முள் நட்சத்திர மீனையே கிள்ளித் துரத்துற காவல்காரங்க அவங்க. குளியலுக்கு முன்னாடி அவங்களைத் தனியா எடுத்து வைக்கணும். குளியல் முடிஞ்சதும் பவளத்தை ரெண்டு மூணு டப்பா சுத்தமான கடல்நீரில் அலசணும், இல்லைன்னா மிச்ச மருந்து தொட்டியில் இருக்கிற இறாலைக் கொல்லும்.

அளவு எவ்வளவுன்னு இந்த எபிசோடில் நான் சொல்லப் போறதில்லை. லேபிளில் சொல்லாத விதத்தில் பூச்சி மருந்தைப் பயன்படுத்துறது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம், அது அந்த பாட்டிலிலேயே அச்சாகி இருக்கும். பவளத்துக்குன்னே தயாரிச்ச டிப்கள் கடையில் கிடைக்குது, நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். சென்னையில் இருந்து கேட்கிறவங்களுக்கு: நம்ம நாட்டில் கல் பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. கடலில் இருந்து எடுக்கிறதும் விற்கிறதும் குற்றம், யாராவது கடையில் காட்டினா வாங்காதீங்க.

கடைசியா அந்த வாளித் தண்ணீர். புழு செத்த பிறகும் மருந்து அதில் அப்படியே இருக்கு. இமிடாகுளோப்ரிட் நீரில் வாழும் பூச்சிகளுக்கு ரொம்பக் குறைந்த அளவிலேயே விஷம். தேனீக்களுக்கு ஆபத்துன்னு ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளிப் பயன்பாட்டுக்குத் தடை போட்ட மருந்து இது. நிறைய வீடியோக்களில் பவளத்தை அலசுறது வரைக்கும் அழகா காட்டிட்டு, வாளியை அப்படியே சிங்க்கில் ஊத்துவாங்க. செய்யாதீங்க. அங்கே ஊருக்கு ஊர் ஆபத்தான வீட்டுக் கழிவு வாங்குற மையம் இருக்கு, மூடி போட்ட கேனில் ஊத்தி, மேலே என்ன மருந்துன்னு எழுதி அங்கே கொண்டுபோய்க் கொடுத்துடலாம்.