வேனுக்குள் தொடங்கும் நற்செய்தி

ஆண்டவர் இயேசு எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராக அனுப்பிய நிகழ்ச்சியை நாம் பலமுறை திருப்பலியில் கேட்டிருக்கிறோம் (லூக் 10:1-11). பணப்பை இல்லாமல், மிதியடி இல்லாமல் போகச் சொல்கிறார். ஏற்றுக்கொள்ளும் வீட்டில் தங்கி, அங்கே கொடுப்பதை உண்ணச் சொல்கிறார். இதைக் கேட்கும்போது அவர்கள் போய்ச் சேர்ந்த ஊர்களைப் பற்றி நினைக்கிறோம். அறிவித்த செய்தியைப் பற்றி நினைக்கிறோம். அவர்கள் நடந்து போன வழியைப் பற்றி நினைப்பதில்லை. ஒருவர் வேகமாக நடப்பவர், மற்றவர் சீக்கிரம் களைத்துப் போகிறவர் என்றால் அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும்? காலையில் வாக்குவாதம் செய்த இருவர், மாலையில் ஒரு வீட்டு வாசலில் நின்று அமைதியை எப்படி வாழ்த்திச் சொல்லியிருப்பார்கள்?

இன்றும் இவ்வாறு ஊர் ஊராக அனுப்பப்படும் இளையோர் இருக்கிறார்கள். அவர்களுடைய வாழ்வைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

ஒன்பது மாத அர்ப்பணம்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரை ஒட்டிய பகுதியில், 'நெட் மினிஸ்ட்ரீஸ்' என்ற கத்தோலிக்க அமைப்பு இயங்கி வருகிறது. 'நெட்' என்பது தேசிய நற்செய்தி அறிவிப்புக் குழுக்கள் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். 1981ஆம் ஆண்டு மார்க் பெர்க்கம் என்ற பொதுநிலையினர் இதைத் தொடங்கினார். அந்த மாநிலத்தின் தென்பகுதியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இளைஞர் சிலர் நடத்திய தியானங்களே இதன் விதை. இன்று கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து, உகாண்டா ஆகிய நாடுகளிலும் இப்பணி நடைபெறுகிறது. அமெரிக்காவில் மட்டும் இதுவரை 20 இலட்சத்திற்கும் அதிகமான மாணவ மாணவியர் இத்தியானங்களில் பங்கேற்றிருக்கிறார்கள்.

18 முதல் 28 வயது வரை உள்ளவர்கள் இதில் சேரலாம். சிலர் பள்ளிப் படிப்பை முடித்தவுடன் வருகிறார்கள். சிலர் கல்லூரிப் படிப்பையோ வேலையையோ நிறுத்தி வைத்துவிட்டு வருகிறார்கள். ஆகஸ்டு மாதம் தொடங்கி மறு ஆண்டு மே மாதம் வரை ஏறக்குறைய ஒன்பது மாதங்களை ஆண்டவருக்குக் கொடுக்கிறார்கள். சம்பளம் கிடையாது. தங்கள் பணிக்கான செலவில் ஒரு பகுதியை உறவினர்களிடமும் பங்கு மக்களிடமும் கேட்டுத் திரட்ட வேண்டும். வெட்கத்தை விட்டுப் பிறரிடம் உதவி கேட்பதே முதல் பாடமாகிறது. இன்னொரு விதியும் உண்டு. அந்த மாதங்களில் காதல் உறவு எதிலும் ஈடுபடுவதில்லை என்று ஒப்புக்கொண்டே பணிக்கு வருகிறார்கள்.

முதல் ஐந்து வாரங்கள் பயிற்சி. இறைவேண்டல், மறைக்கல்வி, தம் நம்பிக்கை அனுபவத்தைச் சில நிமிடங்களில் எளிமையாகச் சொல்லும் முறை, குறுநாடகம், இசை, சிறு குழுக்களை வழிநடத்துதல் என்று பாடங்கள் நீளும். பயிற்சியின் முடிவில் ஆண்களும் பெண்களுமாகப் பத்துப்பேர் அளவில் ஒரு குழு அமைகிறது. யார் யாரோடு போக வேண்டும் என்பதைப் பொறுப்பாளர்களே முடிவு செய்கிறார்கள். நண்பர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை இல்லை. பெரிய வேன் ஒன்றில் ஏறி, உடைமைகளையும் ஒலிபெருக்கிக் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார்கள்.

அவர்களுடைய ஒரு நாள்

அதிகாலையில் ஏதோ ஒரு வீட்டில் கண் விழிக்கிறார்கள். அது பங்குக் குடும்பம் ஒன்றின் வீடு. முந்தைய இரவு வரை யாரென்றே தெரியாத அந்தக் குடும்பம் படுக்கையும் உணவும் தந்திருக்கும். காலை உணவை முடித்து, வேறு வேறு வீடுகளில் தங்கியவர்கள் எல்லாரும் பங்கு மண்டபத்திலோ பள்ளியிலோ கூடுகிறார்கள். கருவிகளை இறக்கிப் பொருத்தி, நாற்காலிகளை வரிசைப்படுத்தி, ஒன்றாகச் செபிக்கிறார்கள்.

பிறகு மாணவர்கள் வருகிறார்கள். பலர் உறுதிப்பூசுதலுக்குத் தயாரிக்கும் வயதினர். பெற்றோர் அனுப்பியதால் வந்தவர்கள். கைகளைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் அமர்கிறார்கள். விளையாட்டும் குறுநாடகமும் அவர்களைச் சிரிக்க வைக்கின்றன. அடுத்து குழுவில் ஒருவர் எழுந்து தம் வாழ்வில் ஆண்டவர் செய்ததைச் சொல்கிறார். பின்னர் சிறு குழுக்களில் உரையாடல். பிற்பகலில் அமைதியான செப நேரம். அருள்பணியாளர்கள் இருந்தால் ஒப்புரவு அருட்சாதனமும் திருப்பலியும் நடைபெறும்.

மாலையில் மண்டபம் காலியாகிறது. கருவிகளைக் கழற்றி வேனில் ஏற்றுகிறார்கள். மீண்டும் ஒரு புதிய வீடு. இல்லையென்றால் பல மணி நேரப் பயணம். வடபகுதி மாநிலங்களில் குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே போவதும் உண்டு. அடுத்த நாள் வேறு ஓர் ஊரில் அதே நாடகம், அதே நகைச்சுவை, அதே சாட்சியம். நூறாவது முறை சொல்லும்போதும் அது உண்மையாக இருக்க வேண்டும். தம் உள்ளமே வறண்டு கிடக்கும் நாளிலும், முன்வரிசையில் இருக்கும் மாணவிக்கு அது முதல்முறை.

ஒரு மாணவன் மனம் திறக்கும்போது

இப்பணியில் மிகக் கடினமான நேரம் மேடையில் வருவதில்லை. சிறு குழுவில் வருகிறது. பதினான்கு வயது மாணவன் ஒருவன், அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லத் தொடங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் நடக்கும் வன்முறையாக இருக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணமாகவும் இருக்கலாம். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு வயது இருபதுதான். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட அவருக்கு ஆசை வரும். அந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது.

சிறார் பாதுகாப்புக்கென அமெரிக்க ஆயர்கள் 2002ஆம் ஆண்டு டாலஸ் நகரில் கூடி ஒரு சாசனம் வகுத்தார்கள். சிறாரோடு பழகிப் பணியாற்றுபவர்களின் பின்னணியைச் சரிபார்ப்பதும், பாதுகாப்புப் பயிற்சி அளிப்பதும் அதன்படி கட்டாயமாயின. எனவே இப்பணியாளர் பொறுமையோடு கேட்க வேண்டும். மாணவனை நம்ப வேண்டும். பிறகு, இதைப் பொறுப்பில் உள்ள பெரியவரிடம் நாம் சேர்ந்தே சொல்வோம் என்று அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டும். தாமே மீட்பர் அல்ல என்று உணர்வதும் பயிற்சியின் ஒரு பகுதி. அடுத்த நாள் அவர் வேறு ஊரில் இருப்பார். அந்த மாணவனோ தன் ஊரிலேயே இருப்பான். அவனுக்குத் துணைநிற்க வேண்டியது அந்தப் பங்கும் பள்ளியுமே.

ஒரு நாள் தியானத்தின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. அன்று எழும் உணர்ச்சி சில வாரங்களில் தணிந்துவிடக்கூடும். விதைத்தவர் போய்விட்டார், நீர் பாய்ச்ச யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. இதனால்தான் பயணக் குழுக்களோடு, ஒரே பங்கில் ஆண்டு முழுவதும் தங்கி இளையோரோடு நடக்கும் குழுக்களையும் இவ்வமைப்பு அனுப்புகிறது.

வேனுக்குள்

இனி வழியில் நடப்பதைப் பார்ப்போம். பத்துப்பேர், ஒரே வண்டி, பல மாதங்கள். ஒருவர் எப்போதும் தாமதமாக வருகிறார். ஒருவர் ஓயாமல் பாடிக்கொண்டே இருக்கிறார். ஒருவர் கருவிகளைத் தூக்கும் நேரத்தில் காணாமல் போகிறார். முதல் மாதத்தில் இவை சிரிப்பைத் தரும். மூன்றாம் மாதத்தில் எரிச்சலைத் தரும். சனவரி மாதத்தில், வெளியே பனி கொட்டும்போது, வண்டிக்குள் பேச்சே நின்றுபோகலாம். குழுத் தலைவரும் இருபதுகளில் இருக்கும் ஓர் இளைஞர்தான். அவருக்கும் வழி தெரியாது.

ஆனாலும் மறுநாள் காலை அவர்கள் மாணவர்கள் முன் நின்று, கடவுள் நம்மை மன்னிக்கிறார் என்று சொல்ல வேண்டும். மேடைக்குப் பின்னால் ஒருவரையொருவர் மன்னிக்காத பத்துப்பேர் அதைச் சொன்னால் என்ன ஆகும்? பதின்வயதுப் பிள்ளைகள் கூர்மையானவர்கள். நாடகத்தில் யார் நடிக்கிறார்கள், வாழ்க்கையில் யார் நடிக்கிறார்கள் என்பதை எளிதில் கண்டுகொள்வார்கள்.

ஆகவே இத்தகைய குழுக்களில் ஆண்டவர் காட்டிய வழியே விதியாகிறது (மத் 18:15). யார்மீது வருத்தமோ, அவரிடமே தனியாக முதலில் பேச வேண்டும். மூன்றாம் நபரிடம் புலம்பக் கூடாது. "பரவாயில்லை" என்று மழுப்பாமல், "என்னை மன்னித்துவிடு", "மன்னிக்கிறேன்" என்ற சொற்களை வாய்திறந்து சொல்ல வேண்டும். கேட்பதற்கு எளிது. பெட்ரோல் நிலையத்தின் வாசலில், கடும் குளிரில், பிடிக்காத ஒருவரைத் தனியே அழைத்து இதைச் சொல்லிப் பார்த்தால்தான் அதன் விலை தெரியும்.

பவுலும் மாற்கும்

இது புதிய சிக்கல் அல்ல. திருத்தூதர் பவுலின் முதல் பயணத்தில் யோவான் மாற்கு என்ற இளைஞர் உதவியாளராகச் சென்றார். பாதி வழியில் அவர்களை விட்டுவிட்டு எருசலேம் திரும்பினார் (திப 13:13). காரணத்தை விவிலியம் சொல்லவில்லை. அடுத்த பயணத்திற்கு அவரையும் அழைத்துச் செல்வோம் என்றார் பர்னபா. கூடாது என்றார் பவுல். வாக்குவாதம் முற்றி, பெரும் பணியாளர்களான இருவரும் பிரிந்தே போனார்கள் (திப 15:36-40). திருச்சபையின் முதல் பயணக் குழு ஓர் இளைஞரை முன்னிட்டு உடைந்தது. இதை லூக்கா மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சிறையிலிருந்து எழுதும் மடலில், மாற்குவைத் தம்மிடம் அழைத்து வருமாறும், தம் பணிக்கு அவர் பயனுள்ளவர் என்றும் பவுல் குறிப்பிடுகிறார் (2 திமொ 4:11). பாதி வழியில் திரும்பிப் போன அதே மாற்கு! இரண்டாம் வாய்ப்பு அளித்த பர்னபாவின் பொறுமையும், தம் எண்ணத்தை மாற்றிக்கொண்ட பவுலின் தாழ்ச்சியும் ஓர் இளைஞரைத் திருச்சபைக்கு மீட்டுத் தந்தன. நற்செய்தியாளர் மாற்கு இவரே என்பது திருச்சபையின் தொன்மையான மரபு.

அனுப்பப்படுகிறவர்க்கே முதல் நற்செய்தி

புனித ஆறாம் பவுல் நற்செய்தி அறிவிப்பைப் பற்றி 1975ஆம் ஆண்டு வழங்கிய திருத்தூது ஊக்கவுரையில், நற்செய்தியை அறிவிக்கும் திருச்சபை முதலில் தானே அந்நற்செய்தியைப் பெற்றுக்கொள்கிறது என்று விளக்குகிறார் (எண் 15). மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டின் ஊக்கவுரையில், திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் மறைத்தூதுச் சீடரே என்றார். நீண்ட பயிற்சி முடியட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை என்றார் (எண் 120). இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பயணக் குழுவின் பொருள் விளங்கும். இளையோர் முழுமை அடைந்த பிறகு அனுப்பப்படுவதில்லை. அனுப்பப்படும் வழியில்தான் உருவாகிறார்கள்.

மே மாதத்தில் அவர்கள் வீடு திரும்புகிறார்கள். மேடை இல்லை, குழு இல்லை, அதிகாலையில் செபத்திற்கு எழுப்ப யாரும் இல்லை. பழைய நண்பர்களுக்கு இவர்கள் பேசுவது புரிவதில்லை. ஒன்பது மாதங்களில் கற்றது நிலைக்குமா என்பது இப்போதுதான் சோதிக்கப்படுகிறது. வீட்டில் தம்பியிடம் மன்னிப்புக் கேட்க முடிகிறதா? பாத்திரம் கழுவ முதலில் எழுகிறாரா? வேனில் கற்ற பாடத்திற்கு இவையே தேர்வு.

நம் பங்குகளிலும் இளையோர் தியானம், விடுமுறை விவிலியப் பள்ளி, கிறிஸ்து பிறப்புப் பாடல் பவனி என்று பலவற்றை ஏற்பாடு செய்கிறோம். நிகழ்ச்சி நன்றாக நடந்ததா என்று கேட்கிறோம். அதை நடத்திய பிள்ளைகள் தங்களுக்குள் ஒப்புரவாகி வீடு திரும்பினார்களா என்று கேட்பதில்லை. பாடற்குழுவில் கோபித்துக்கொண்டு நின்றுவிட்ட ஒருவர், இளையோர் குழுவில் பாதி வழியில் விலகிய ஒருவர் நம் பங்கிலும் இருப்பார். அவர் நம்முடைய மாற்கு. பர்னபாவைப் போல அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது யார்?

இந்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் அந்த வீட்டுக்குச் சென்று வருவோம். அனுப்பப்படுவதற்கு வேனும் ஒன்பது மாதங்களும் வேண்டும் என்பதில்லை. நம்மை அனுப்பும் ஆண்டவர் அந்தத் தெரு வரை நம்மோடு நடந்து வருவாராக.