கேமரா யாரை உரிமையாளர் என்று நம்புகிறது?

சிசிடிவி பதிவுப் பெட்டியான டிவிஆரின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் யோசனை ஒன்றுதான். மூடியைக் கழற்று, உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைப் பிடுங்கு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப மாட்டு, எல்லாம் சரியாகிவிடும். பழைய மேசைக் கம்ப்யூட்டர்களில் தொடக்கக் கடவுச்சொல்லை அழிக்க இது பலித்தது. அந்த நினைவுதான் டிவிஆருக்கும் தொற்றிக்கொண்டது. இங்கே பெரும்பாலும் பலிக்காது. டிவிஆரில் கடவுச்சொல் ஃபிளாஷ் சில்லில் எழுதப்பட்டிருக்கிறது, மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் அது அழியாது. பேட்டரி ஓட்டுவது கடிகாரத்தை மட்டும். பிடுங்கினால் தேதியும் நேரமும் கலைந்துபோகும், நாளைக்குப் போலீஸ் கேட்கும் பதிவில் தப்பான நேரம் விழும், அவ்வளவுதான் பலன். ஆனாலும் இந்த யோசனையை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. சில பழைய பெட்டிகளில் இது உண்மையாகவே வேலை செய்திருக்கிறது. ஏன் வேலை செய்தது என்பதை நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் கடவுச்சொல் தொலைந்த கேமராவைப் பற்றிய முழுச் சிக்கலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் உரிமையாளர் வைத்த கடவுச்சொல்லைத் தவிர, தயாரித்தவர்கள் வைத்த இன்னொன்றும் உண்டு. அது நிலையான சொல் இல்லை. பெட்டியின் கடிகாரம் காட்டும் தேதியை ஒரு கணக்கில் போட்டு, அன்றைக்கு மட்டும் செல்லும் ஓர் எண்ணைப் பெட்டி தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும். சில நிறுவனங்கள் தேதியோடு சீரியல் நம்பரையும் சேர்த்துக் கணக்குப் போட்டன. வாடிக்கையாளர் போன் செய்து திரையில் என்ன தேதி தெரிகிறது என்று சொன்னால், மறுமுனையில் இருப்பவர் அதே கணக்கைப் போட்டு எண்ணைச் சொல்லிவிடுவார். நாளைக்கு அந்த எண் செல்லாது என்பதால் இது பத்திரமான ஏற்பாடு என்று நினைத்திருக்கிறார்கள். ஆனால் பேட்டரியைப் பிடுங்கினால் பல பெட்டிகளின் கடிகாரம் 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்குப் போய் நின்றுவிடும். அந்த ஒரே நாளுக்குரிய எண்ணை மனப்பாடம் செய்துகொண்ட ஆளுக்கு மற்ற எந்த நாளின் எண்ணும் வேண்டியதில்லை. பேட்டரி கடவுச்சொல்லை அழிக்கவில்லை, விடை தெரிந்த ஒரு நாளுக்குப் பெட்டியைத் திருப்பி அனுப்பியது. நாள்தோறும் மாறும் காவல் என்று கட்டியதை நாட்காட்டியை நகர்த்தியே கடந்துவிட்டார்கள். இந்தக் கணக்குகளும் ரகசியமாக நிற்கவில்லை. தேதியையும் சீரியல் நம்பரையும் தட்டினால் எண்ணைத் துப்பும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன.

கடவுச்சொல் தொலைவதை நாம் ஞாபகமறதிப் பிரச்சினையாகப் பார்க்கிறோம். இயந்திரத்தின் பக்கம் நின்று பார்த்தால் அது சாட்சிப் பிரச்சினை. பெட்டிக்கு உங்கள் முகம் தெரியாது, வீட்டுவரி ரசீது தெரியாது. கடவுச்சொல் ஒன்றுதான் அதற்குத் தெரிந்த அடையாளம். அது இல்லாமல் வந்து நான்தான் உரிமையாளர் என்று சொல்லும் ஒருவரை நம்புவதற்கு அதற்கு வேறொரு சாட்சி வேண்டும். எந்தச் சாட்சி உங்களால் சுலபமாகக் காட்டக்கூடியதோ, அதை அடுத்தவராலும் காட்ட முடியுமா என்பதைப் பொறுத்தே அந்தப் பெட்டியின் பாதுகாப்பு நிற்கிறது. 2017இல் இது வெட்டவெளிச்சமானது. ஹிக்விஷன் நிறுவனத்தின் கேமராக்கள் பலவற்றில், இணைய முகவரியின் பின்னால் ஒரு சிறு எழுத்துச் சரத்தை ஒட்டினால் கடவுச்சொல்லே கேட்காமல் நிர்வாகியாக நுழைந்துவிடலாம் என்பதை ஓர் ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தார். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு அந்த ஓட்டையின் கடுமைக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுத்தது. நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டுவிட்டது. இதில் நான் கவனிக்கச் சொல்வது பிறகு நடந்ததை. அதே ஓட்டையைப் பயன்படுத்தி, கடவுச்சொல் மறந்தவர்களுக்கு உதவும் ஒரு சின்ன மென்பொருள் வந்தது. மறதிக்காரர்கள் அதை நன்றியோடு பயன்படுத்தினார்கள். திருடனுக்கும் மறதிக்காரனுக்கும் கருவி ஒன்றே, வழியும் ஒன்றே.

என் வீட்டு வாசலையும் மாட்டுக்கொட்டகையையும் பார்த்து யார் என்ன செய்யப்போகிறார்கள், எளிதாகத் திறந்தால்தான் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமாகத் தோன்றும் கேள்விதான். 2016இல் மிராய் என்ற தீநிரல் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அது எந்த வாசலையும் எட்டிப் பார்க்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருக்கும் அறுபதுக்கும் மேற்பட்ட பெயர், கடவுச்சொல் ஜோடிகளை வைத்துக்கொண்டு உலகமெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் ரூட்டர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றையெல்லாம் சேர்த்து ஒரே இலக்கின் மீது ஏவியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டைன் என்ற நிறுவனத்தின் மீது அப்படி ஒரு தாக்குதல் நடந்தபோது டுவிட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் பலருக்குத் திறக்கவில்லை. கேமரா என்ன பார்க்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை, அது இணையத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் என்பதே போதுமானதாக இருந்தது. அந்தப் பெட்டிகளில் சிலவற்றில் அந்தக் கடவுச்சொல் மென்பொருளுக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருந்தது, உரிமையாளரே நினைத்தாலும் மாற்ற முடியாது. பார்ப்பதற்கென்றே நுழைபவர்களும் இல்லாமல் இல்லை. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் வெளியே போய் இணையத்தில் விலைபேசப்பட்டது தெரிந்து காவல்துறை சிலரைக் கைது செய்தது. அங்கே வந்த பெண்களுக்கு அந்தக் கேமராவின் கடவுச்சொல்லைப் பற்றிக் கருத்துச் சொல்லும் வாய்ப்பே இருந்ததில்லை.

இத்தகைய ஆபத்துகளால் தயாரிப்பாளர்கள் சாட்சியைக் கடுமையாக்கினார்கள். பெட்டியை முதன்முதலில் இயக்கும்போதே நீங்களே ஒரு கடவுச்சொல் வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது வேலையே தொடங்காது என்ற முறை வந்தது. கலிஃபோர்னியாவில் 2020 முதலும் பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதலும் எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதைச் சட்டம் தடுக்கிறது. இந்தியாவில் பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராக்களையே விற்க வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மறந்தவர் திரும்ப நுழைவதற்கும் முறைகள் மாறின. திரையில் தோன்றும் க்யூஆர் குறியீட்டைப் போனில் படித்தால், முதல் நாளில் பதிந்த மின்னஞ்சலுக்கு ஒரு குறியீட்டு எண் வரும். மின்னஞ்சல் பதியவில்லையென்றால் பாதுகாப்புக் கேள்விகள். அதுவும் இல்லையென்றால் பெட்டியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் அந்தப் பெட்டிக்கு மட்டும் பொருந்தும் பதில் கோப்பை அனுப்புவார்கள். இவற்றில் பலவற்றுக்கு நீங்கள் பெட்டியின் முன்னால் நிற்க வேண்டும், அல்லது அதே வீட்டின் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். வேறு நாட்டிலிருந்து தட்டிப் பார்ப்பவனுக்கு இந்த இரண்டுமே வாய்க்காது. இடத்தில் இருப்பது ஒரு சாட்சி, மின்னஞ்சல் இன்னொரு சாட்சி, இரண்டும் சேர்ந்தால்தான் நம்பிக்கை. ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது.

நம் ஊரில் அது தடுக்கி விழும் இடம் வேறு. இங்கே கேமராவை வாங்குபவர் ஒருவர், அதை முதன்முதலில் இயக்குபவர் இன்னொருவர். சுவரில் துளை போட்டு வயர் இழுக்கும் டெக்னீஷியனே கடவுச்சொல் வைக்கிறார், பெரும்பாலும் தான் போகும் எல்லா வீட்டுக்கும் ஒன்றையே. மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் தன்னுடையதைப் போடுகிறார், அல்லது அந்தப் பக்கத்தையே தாண்டிவிடுகிறார். வீட்டுக்காரர் போனில் செயலியை ஏற்றி, படம் தெரிகிறதா என்று காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். நிலத்துக்கு முழுப் பணமும் கொடுத்துப் பதிவும் செய்துவிட்டுப் பட்டாவைத் தரகர் பெயரிலேயே விட்டுவைப்பது போன்றது இது. குடியிருக்கும்வரை வித்தியாசம் தெரியாது. போன் மாறும்போதோ, டெக்னீஷியன் துபாய்க்குப் போய்விடும்போதோ, கடையே மூடிவிடும்போதோதான் தெரியும். அப்போது கடவுச்சொல் தொலைந்துவிட்டது என்கிறோம். தொலைய வேண்டுமானால் முதலில் கையில் இருந்திருக்க வேண்டும். சென்னைக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்று வீடுவீடாகவும் கடைகடையாகவும் கேமரா வைக்கச் சொல்லி வலியுறுத்தியபோது எண்ணிக்கை பெருகியது, நல்லதுதான். அந்தக் கேமராக்களின் நிர்வாகி யார் என்ற கேள்வியையும் அதே வேகத்தில் யாராவது கேட்டிருக்கலாம்.

பில் கையில் இருக்கிறது, அதைப் பார்த்து நிறுவனமே திறந்து கொடுக்க வேண்டாமா என்பது அடுத்த வாதம். பல நிறுவனங்கள் பில்லையும் சீரியல் நம்பரையும் கேட்டுவிட்டுத்தான் உதவுகின்றன. ஆனால் நம் பில்களைப் பாருங்கள். ‘4 கேமரா செட் வித் ஃபிட்டிங்’ என்று ஒரு வரி இருக்கும், சீரியல் நம்பர் இருக்காது. அப்படிப்பட்ட தாளைக் காட்டி எந்தப் பெட்டியையும் என்னுடையது என்று யாரும் சொல்லலாம் என்பதால் நிறுவனம் தயங்குவதைக் குறைசொல்ல முடியாது. அந்த எண்ணை எழுதச் சொல்லி வாங்குவது வாங்குபவரின் உரிமை, செலவு ஒரு நிமிடம். எதற்கும் நிறுவனத்திடமே ஒரு பொதுச் சாவி இருந்துவிட்டால் தொல்லையில்லையே என்பவர்களுக்கு, தேதிக் கணக்கின் கதையைத் தவிர வேறு பதில் தேவைப்படாது.

சரி, ஏற்கெனவே வெளியே நிற்பவர் என்ன செய்வது? அடுத்தடுத்து ஊகித்துத் தட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும். சில முறை தவறினால் பெட்டி சுமார் அரைமணி நேரம் பூட்டிக்கொள்ளும். வீட்டில் யாருடைய பழைய போனிலாவது செயலி இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். இருந்தால் எதையும் மாற்றுவதற்கு முன் தேவையான பதிவை அதன் வழியாக எடுத்துவிட வேண்டும். நீங்கள் உள்ளே போக முடியாவிட்டாலும் பெட்டி பதிந்துகொண்டேதான் இருக்கும், டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேல் புதியதை எழுதும். திருட்டோ விபத்தோ நடந்து அந்தப் பதிவு வேண்டியிருந்தால், பின்பக்கக் கேமரா வயர்களைக் கழற்றிவிட்டால் பழையது அழிவது பெரும்பாலும் நின்றுவிடும். பெட்டியையே அணைப்பதை விட இது மேல், ஏனென்றால் சில மாடல்களில் நிறுவனத்துக்குக் கோப்பு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்போது அணைத்தால் வரும் பதில் செல்லாமல் போகும். டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கும் யோசனையும் வரும். ஹிக்விஷன், தாஹுவா போன்ற நிறுவனங்களின் பெட்டிகள் விண்டோஸுக்குப் புரியாத தங்கள் சொந்த முறையில் டிஸ்க்கில் எழுதுகின்றன. விண்டோஸ் அதை வெற்று டிஸ்க் என்று நினைத்து, தயார்செய்யட்டுமா என்று பணிவாகக் கேட்கும். அங்கே சம்மதித்தால் பதிவுகளை மீட்பது பெரும்பாடு.

கடவுச்சொல்லை மட்டும் மாற்றுவதும் பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோவதும் வேறு வேறு என்பதையும் டெக்னீஷியனிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பழைய அனலாக் வகைக் கேமராக்களுக்குத் தனிக் கடவுச்சொல் கிடையாது, காவல் முழுவதும் டிவிஆரில். நெட்வொர்க்கில் இணையும் ஐபி கேமராக்கள் அப்படியில்லை. ஒவ்வொன்றும் தன் கடவுச்சொல்லைத் தானே வைத்திருக்கும், அவற்றின் பதிவுப் பெட்டியான என்விஆர் அந்தக் கடவுச்சொற்களை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படத்தை வாங்கிவரும். என்விஆரை முழுதாகத் துடைத்துவிட்டால் அந்த நினைவும் போய்விடும், பெட்டிக்குள் நீங்கள் நுழைந்துவிடுவீர்கள், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். ஏணி போட்டு ஒவ்வொரு கேமராவாக ரீசெட் செய்ய வேண்டியதுதான். வைஃபை கேமராக்களில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ரீசெட் ஆகிவிடும், ஆனால் பல நிறுவனங்களில் பழைய கணக்கிலிருந்து அதை விடுவிக்காதவரை புதிய கணக்கு அதை ஏற்காது. செகண்ட்ஹேண்டில் வாங்குபவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்வது இதில்தான்.

டெக்னீஷியனுக்கும் ஒரு நியாயம் உண்டு. கேமரா நின்றுபோனால் கூப்பிடுவது அவரைத்தான், வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் கடவுச்சொல் கேட்டால் பதில் வராது என்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்டுதான் தானே வைத்துக்கொள்கிறார். அதற்குத்தான் பெரும்பாலான பெட்டிகளில் இரண்டாவது பயனர் கணக்கு உருவாக்கும் வசதி இருக்கிறது. நிர்வாகிக் கணக்கும் மின்னஞ்சலும் வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும். பழுது பார்க்கத் தேவையான அளவுக்கு அதிகாரம் கொண்ட கணக்கு ஒன்று அவரிடம் இருக்கட்டும், வேண்டாதபோது நீக்கிவிடலாம். கடவுச்சொல்லைத் தாளில் எழுதவே கூடாது என்ற அறிவுரை அலுவலக மேசைக்குச் சரி, வீட்டு டிவிஆருக்கு அது பொருந்தாது. இணையம் வழியே வருபவன் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. பீரோவைத் திறக்கும் அளவுக்கு வீட்டுக்குள் வந்துவிட்டவன் தாளைத் தேடிக்கொண்டிருக்க மாட்டான், பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடுவான். எழுதிய தாளைப் பெட்டியின் தலையிலேயே ஒட்டிவைக்காமல் இருந்தால் சரி.