ஒன்றரை மணி நேரத்தில் சென்னையா?

மாணவர்களே, ஒரு கணக்கைப் பார்ப்போம். கோலாலம்பூரிலிருந்து ஒரு விமானம் காலை 10.00 மணிக்குப் புறப்படுகிறது. பயணச்சீட்டின்படி அது சென்னையை அடையும் நேரம் காலை 11.30. இரு விமான நிலையங்களுக்கும் இடைப்பட்ட நேர்த்தூரம் ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர். (உலக உருண்டையில் இரண்டு ஊர்களையும் ஒரு நூலால் இறுக்கி இணைத்தால் கிடைக்கும் தூரம் இது.) விமானத்தின் சராசரி வேகம் என்ன?

தூரத்தை நேரத்தால் வகுக்க வேண்டும். 2,630 ÷ 1.5 = மணிக்கு 1,753 கிலோமீட்டர். வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் விடையைச் சற்று உற்றுப் பாருங்கள். விமானம் பறக்கும் 11 கிலோமீட்டர் உயரத்தில் ஒலியின் வேகமே மணிக்கு 1,060 கிலோமீட்டர்தான். நாம் ஏறும் பயணிகள் விமானம் ஒலியை முந்துவதில்லை. அப்படியானால் தவறு எங்கே?

நாம் இரண்டு கடிகாரங்களைக் கலந்துவிட்டோம். பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே குறிக்கப்படும். கிரீன்விச் நேரத்தைவிட மலேசியா 8 மணி நேரமும் இந்தியா 5½ மணி நேரமும் முன்னால் இருக்கின்றன. சென்னையில் காலை 11.30 என்றால் கோலாலம்பூரில் பிற்பகல் 2.00. ஆகவே பயண நேரம் 4 மணி. சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 658 கிலோமீட்டர்.

திரும்பும்போது நேர்மாறாக நடக்கும். சென்னையில் காலை 10.00 மணிக்குப் புறப்பட்டால், இங்கே மாலை 4.30 மணிக்குத் தரையிறங்குவோம். சீட்டைப் பார்த்தால் 6½ மணி நேரப் பயணம் போலத் தோன்றும்.

இப்போது ஒரு வேடிக்கை. இந்த இரண்டு 'தவறான' நேரங்களையும் கூட்டுங்கள்: 1½ + 6½ = 8. அதில் பாதி 4. அதுதான் உண்மையான பயண நேரம்! இரண்டையும் கழித்தால் 5. அதில் பாதி 2½. அது இரு நாடுகளின் நேர வித்தியாசம். போகும்போது குறைந்த 2½ மணி, வரும்போது கூடிவிடுவதால் கூட்டலில் அது மறைந்துவிடுகிறது.

ஆனால் இந்த வழி துல்லியமாக அமைய, போகவும் வரவும் ஒரே அளவு நேரம் எடுக்க வேண்டும். அதற்குக் காற்று விடுவதில்லை. நடுவானில் விமானம் மணிக்கு 840 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் நேரம் பிடிப்பதால்தான் நம் சராசரி அதைவிடக் குறைந்தது. அந்த 840 என்பது காற்றைச் சார்ந்த வேகம். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால் தரையைச் சார்ந்த வேகம் 900. எதிர்த்து வீசினால் 780. முழுத் தூரத்துக்கும் கணக்கிட்டால் ஏறக்குறைய அரை மணி நேர வேறுபாடு!

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசும். இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டேஸ்வரம் 1950களில் இதை ஆராய்ந்து விளக்கினார். அம்மாதங்களில் சென்னைக்குப் போகும் விமானத்துக்கு அது துணை. திரும்பும் விமானத்துக்கு அது தடை.

நீங்களும் செய்து பாருங்கள். கோலாலம்பூர்–தோக்கியோ கால அட்டவணையில் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் நம்மைவிட 1 மணி நேரம் முன்னால் உள்ளது. உங்கள் விடை சரியாக 1 மணி என வராவிட்டால், அதற்குக் காரணம் சொல்ல முடிகிறதா?

தேர்விலும் இதை மறவாதீர்கள்: விடை கிடைத்ததும் கோடு போட்டு முடித்துவிடாமல், 'இப்படி நடக்க முடியுமா?' என்று ஒருமுறை கேளுங்கள்.